பிரசவத்தில் இடும் கீறல்

“சுகப்பிரசவந்தான், நாலு தையல் போட்டிருக்கிறார்கள்” என்று ஆஸ்பத்திரி வாயிலில் உறவினர் சொல்லக் கேளாதவர் நம்மில் இலர். அத்தையல் தானே கிழிந்த இடத்திற்கு இட்டதா, கத்தரிக்கோலால் வெட்டிய இடத்திற்கு இட்டதா என்று வினவுவோர் மிகச் சிலரே. மறைவிடத்தைப் பற்றிய பேச்சு என்று ஆடவர் விலகிக்கொள்கின்றனர். பெண்களோ, பிள்ளை பெற்றால் இவ்வளவும் உண்டுதானே என்று பொறுத்துக்கொள்கின்றனர். ஆயினும் ஊன்றி உட்கார இயலாது பல நாள் வருந்தும் அத்தாய், குழந்தைக்குப் பாலூட்ட அமர வேண்டியவள். பின்னர்த் தறிக்கும் வயலுக்கும் திரும்ப வேண்டியவள். ஆகவே இதைப் பற்றி எழுத நாம் நாணவேண்டியதில்லை.

குழந்தையின் தலை வெளிப்படும் தறுவாயில், பிறப்புவாய்க்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட சதையைக் கத்தரித்து வழியை அகலப்படுத்துவதே இக்கீறல். டாக்டர்கள் இதனை எபிசியாட்டமி என்பர். தோலோடு உள்ளிருக்கும் தசையும் வெட்டுப்படுகிறது. இயற்கையாக ஏற்படும் கிழிசல்களை நான்கு படிகளாக வகுத்துள்ளனர். அவற்றுள் இக்கீறல் இரண்டாம் படிக்குச் சமமாகும். முதற்படிக் கிழிசலோடு தப்பியிருக்கக்கூடிய பெண்ணுக்கும் இதனால் இரண்டாம் படிப் புண் உண்டாகிவிடுகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இம்முறையை முதன்முதல் எழுதிவைத்தவர் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகர மருத்துவர் பீல்டிங் ஓல்ட். 1742இல் வெளிவந்த தம் நூலில், தலை வந்து தடைபட்டு நிற்கும் இடர்ப்பாடான பிரசவத்திற்கே அவர் இதனைக் கூறினார். 1920இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஜோசப் டிலீ என்னும் புகழ்வாய்ந்த டாக்டர், முதற்பிள்ளை பெறுவோருக்குக் கீறலிட்டு ஆயுதத்தால் குழந்தையை எடுப்பதே பாதுகாப்பு என்று வாதித்தார். பிரசவங்கள் வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப்போக, இடருக்கு வைத்த மருந்து எல்லாருக்கும் சோறாயிற்று. 1979இல் அமெரிக்காவில் இயற்கைவழிப் பிரசவங்களில் 100க்கு ஏறத்தாழ 61இல் கீறல் இடப்பட்டது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றின. தாறுமாறாகக் கிழிவதைவிட நேராக வெட்டினால் தைப்பது எளிது. மலவாய்த் தசை வரை கிழிசல் ஓடாது. பிற்காலத்தில் தசை தளராது என்றனர். இரண்டாவது காரணத்தை நெசவாளர் எவரும் ஐயுறுவர். முறுக்காக நெய்த துணியைக் கையால் கிழிக்க வேண்டுமானால், கடைக்காரர் முதலில் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டுவார். பிறகு இழுத்தால் துணி மளமளவென்று கிழிந்துகொண்டு போகும். உடலின் சதையும் அவ்வாறு நடப்பதுண்டு. குறிப்பாக, நடுக்கோட்டில் நேர்கீழாக இடும் கீறல் மலவாய் வரை நீண்டுவிடும் அபாயம் மிகுதி.

1983இல் தாக்கர், பாண்டா என்னும் இருவர், 1860 முதல் வெளிவந்த 350க்கு மேற்பட்ட நூல்களையும் கட்டுரைகளையும் துருவிப் பார்த்தனர். மேற்சொன்ன நன்மைகளுக்குத் தக்க சான்று அவற்றில் இல்லை. அதாவது, கோடிக்கணக்கான பெண்களை வெட்டியபின்னரே வெட்டுவதற்கு ஆதாரம் தேடினார்கள்! மறு ஆண்டில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஜெனிபர் ஸ்லீப் என்ற மருத்துவச்சியும் அவருடன் பணியாற்றியோரும் 1,000 தாய்மாரிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. கீறலைக் குறைத்ததனால் தாய்க்கோ சேய்க்கோ கேடு நேரவில்லை.

யாவற்றினும் பெரிதாகப் பேசப்படுவது அர்ஜென்டினா நாட்டில் 8 ஆஸ்பத்திரிகளில் 2,606 தாய்மாரிடம் நடந்து, 1993இல் வெளியான ஆராய்ச்சி. ஒரு பகுதியாருக்கு வழக்கம்போல் கீறலிட்டனர். அவர்களில் 100க்கு 83 பேருக்கு வெட்டு விழுந்தது. மற்றொரு பகுதியாருக்குத் தேவை கண்டாலன்றி இடுவதில்லை என்று வைத்துக்கொண்டனர். 100க்கு 30 பேருக்கே வெட்டு நேர்ந்தது. கடுமையான கிழிசல் முதற்பகுதியில் 1.5 சதவீதம், இரண்டாம் பகுதியில் 1.2 சதவீதம். வெட்டியதனால் ஒரு காப்பும் கிட்டவில்லை. வலியும், தையல் பிரிதலும் வெட்டாதவரிடமே குறைவு. முன்பக்கத்துச் சிறு கிழிசல்கள் மாத்திரம் அவர்களிடம் சற்று அதிகமாயிருந்தன. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படியாயின் கத்தரியை எறிந்துவிடலாமா? கூடாது. குழந்தையின் இதயத்துடிப்பு தளர்ந்து, உடனே வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில் சில நிமிடங்களே உயிரின் விலையாகும். ஆயுதப் பிரசவத்திலும் கீறலுக்கு இடமுண்டு. சுவீடன் நாட்டில் வாக்குவம் கருவியால் முதற்பிள்ளை பெற்ற பெண்களிடம் நடந்து 2024இல் வெளியான சோதனையில், பக்கவாட்டில் கீறலிட்டவருக்கு மலவாய்த் தசைக் கிழிசல் 6 சதவீதமும், இடாதவருக்கு 13 சதவீதமும் நேர்ந்தன. கீறலைச் சாய்வாக, நடுக்கோட்டிலிருந்து 60 பாகை அளவில், மரத்துப்போக ஊசியிட்டபின் இடுதல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், எல்லாருக்கும் வழக்கமாகக் கீறலிடுவதைப் பரிந்துரைக்கவில்லை. வெந்நீரில் நனைத்த துணியால் இதமாக ஒற்றுதல், தலை வெளிவருகையில் கையால் தாங்கிக் காத்தல் முதலியவற்றையே கூறுகிறது. அமெரிக்காவிலும் 2004க்குள் விகிதம் 100க்கு 25 அளவாகக் குறைந்துவிட்டது. நமது நாட்டிலோ, முதற்பிரசவம் என்றாலே கீறல் என்னும் பழக்கம் பல இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100க்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பனவாதலின், அங்குள்ள பழக்கமே நம் பெண்கள் யாவருக்கும் விதியாகிறது.

வலியெடுத்துப் படுத்திருக்கையில் இதைப் பேச முடியாது. ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே, “இங்கே எல்லாருக்கும் கீறல் உண்டா? அவசியம் நேர்ந்தால் எங்களிடம் சொல்லிவிட்டு இடுவீர்களா?” என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ மரியாதையோடு கேட்கலாம். உடன் செல்லும் தாயாரோ கணவரோ கேட்பதிலும் தவறில்லை. கீறலிட்டிருந்தால், அவ்விடத்தைச் சுத்தமான நீரால் கழுவி ஈரமின்றி வைத்துக்கொள்ள வேண்டும். இட்ட நூல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். வலி நாளுக்கு நாள் ஏறினாலும், துர்நாற்றமோ சீழோ காய்ச்சலோ கண்டாலும், மலமோ வாயுவோ அடக்க முடியாமற் போனாலும், வெட்கப்பட்டு வீட்டிலிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவேண்டும்.