மேசையின் மறுபுறம்

வரும் முதல் தேதியன்று, நாம் பணிபுரியும் இரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் பிரிவின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்க இருக்கிறோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இருபதாம் வயதில் கலாசியாக வடக்கே வந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா நாற்காலியைப் பிடித்தவர் நாம். சங்க அன்பர்கள் பலர் வாழ்த்தினர். அவர்களுள் ஒருவர், "இத்தனை காலம் மேலதிகாரிகளைக் குறை கூறி வந்தீர். இனி உம்மைக் குறை கூற ஐந்து பேர் இருப்பார்கள்" என்றார். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

எழுந்து அமர்ந்து, இப்பதினேழு ஆண்டுகளில் நம் மனம் நொந்த சந்தர்ப்பங்களை ஒரு நோட்டில் எழுதினோம். மின்விசிறியின் கீழ் இடம் கிடைக்காததற்கே ஒரு பக்கம் ஆயிற்று. ஹிந்தியில் குறிப்பெழுதும்போது வண்டியை ஆண்பாலாக்கி நகைப்புக்கிடமானது இன்னொரு பக்கம். (பிறகு பிரபோத், பிரவீண், பிராக்ஞ் மூன்றும் தேறினோம், வண்டி மட்டும் இன்றும் சமயத்தில் ஆணாகிவிடுகிறது!) இவற்றையெல்லாம் அடித்துவிட்டோம். அடிக்க மனம் வராதது, தங்கையின் திருமணத்திற்குக் கேட்ட விடுப்பு.

அந்த மனு பல வாரங்கள் மேலதிகாரியின் மேசையில் கிடந்தது. ஆம் என்றும் இல்லை, அன்று என்றும் இல்லை. அனுமதி கிடைத்த மாலையில் பயணச்சீட்டு ஏது? கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியின் வாயிலருகே நின்றபடியே சென்னை சேர்ந்தோம். முகூர்த்தத்தைக் கண்டோம், பெண்ணழைப்பைக் காணவில்லை. தங்கை இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

பல ஆண்டு கழித்துப் பழைய கோப்பு ஒன்றைப் புரட்டியபோதுதான், அதே வாரத்தில் தணிக்கைக் குழு வருவதாக இருந்து பிறகு தள்ளிப்போனது தெரிந்தது. மனிதர் கொடியவர் அல்லர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரைச் சபித்திருக்கமாட்டோம். ஆகவே, விடுப்பு மறுக்கப்பட்டதன்று, விடை கிடைக்காததே நம் குறை என்று திருத்தி எழுதினோம்.

இதிலிருந்து ஒரு ஏற்பாடு தோன்றியது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்னரே தொடங்குகிறது. அதற்கு முன் 120 நாள் இருந்தது. பாஸ் 2020 முதல் கணினியில் கிடைப்பினும், இருக்கை கணினியில் விளைவதில்லை. எனவே ஊருக்குச் செல்வோரின் மனுவுக்கு, முன்பதிவு திறக்கும் நாளுக்கு முன்பே, வாய்மொழியாகவேனும் விடை கூறிவிடுவது. முடியாதெனில் காரணத்தோடு கூறுவது.

நோட்டின் கடைசிப் பக்கம் நம்மைப் பற்றியது. சென்ற ஆண்டு ஒரு மாதம் அப்பிரிவைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டோம். தந்தை பணியிலிருக்கையில் காலமானதால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த பீகார்ப் பெண் ஒருத்தி, ஜனவரியில் வரவேண்டிய ஊதிய உயர்வை ஜூலையில் பதித்துவிட்டாள். 2016-க்குப் பின் இரு தேதிகள் உண்டாதலால் எளிதில் நேரும் பிழை. அனைவர் எதிரிலும் இரைந்தோம். அதன்பின் அப்பெண் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. ஐயம் வந்த இடங்களில் தானே ஊகித்து எழுதினாள். மாத முடிவில் அவ்விதம் நான்கு பிழைகள் வெளிப்பட்டன. நம் இரைச்சலின் விலை அது. முதல் பிழைக்கும் பாதிப் பொறுப்பு நம்முடையதே. எழுதிக் கொடுத்த குறிப்பில் மாதத்தைத் தெளிவாகக் குறிப்பிடவில்லை. சென்ற வாரம் அவளிடம் இதைக் கூறினோம். "பரவாயில்லை, அண்ணா" என்றாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது மேசைமேல் மூன்று மனுக்கள் உள்ளன. சட் பூஜைக்காக இரண்டு. அவற்றுள் ஒன்று அப்பெண்ணுடையது. இன்னொன்று, தீபாவளிக்கு ஊர் சென்று ஒரு வாரம் தங்கிவர வேண்டுமென்பது. பண்டிகைகள் இரண்டும் ஒரே வாரத்துக்குள் வருகின்றன. பட்டியல் வேலைக்கு மூவரில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். முன்பதிவு திறக்க எட்டு நாட்களே உள்ளன.

மூன்றாவது மனு நம்முடையது.