வட்டவடைப் பூண்டும் ஜாவா வகைமாற்றமும்

மூணாற்றுக்குக் கிழக்கே, தமிழ் வழங்கும் வட்டவடையின் மலைப்பூண்டு, காந்தல்லூர்ப் பூண்டுடன் சேர்ந்து 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே காரமுள்ள பூண்டு வேறெங்கு விளையினும், அப்பெயரால் விற்றல் சட்டப்படி செல்லாது. அயல் மாநிலங்களில் கணினித் தொழில் புரியும் நம்மவரை அலைக்கழிக்கும் ஒரு பிழைக்கும் இதுவே காரணம்.

1996-இல் வெளிவந்த ஜாவா மொழியில் 'இன்டர்ஃபேஸ்' என்பது இன்னின்ன செயல்கள் உண்டு என்னும் உறுதிமொழி. 'கிளாஸ்' என்பது பொருளை வார்க்கும் அச்சு. அச்செயல்கள் யாவும் ஒரு கிளாஸில் இருப்பினும், 'இம்ப்ளிமென்ட்ஸ்' என்று அறிவிக்காவிடில் அது அவ்வகையைச் சேராது. 'காஸ்ட்' செய்வதால் பொருள் மாறிவிடுவதில்லை. "இஃது அவ்வகையே" என்று நாம் சொல்லும் சாட்சியம், அவ்வளவே.

பொய்ச்சாட்சியத்தைக் கம்பைலர் அப்போதே மறுக்கலாகாதோ? அந்தக் கிளாஸின் வழித்தோன்றல் ஏதேனும் உறுதிமொழியை ஏற்றிருக்கக்கூடும் என்று அது விட்டுக்கொடுக்கிறது. வழித்தோன்றலுக்கு இடமில்லாத 'ஃபைனல்' கிளாஸாயின் உடனே மறுத்துவிடும். மற்றவை ஓடும்போதுதான் அகப்படும். சம்பளப் பட்டியல் பாதியில் நிற்க, 'கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன்' தோன்றும்.

அச்செய்தியைப் பொறுமையாகப் படியுங்கள். பொருளின் மெய்யான வகையும் நாம் கோரிய வகையும் அதிலேயே இருக்கும். இரு பெயரும் ஒன்றாயிருந்தால், ஒரே கிளாஸை இரு 'கிளாஸ்லோடர்'கள் தனித்தனியே ஏற்றியுள்ளன என்று கொள்க. இரவுகளை விழுங்கும் சிக்கல் இது! கிளாஸ் நம்முடையதாயின் விடுபட்ட அறிவிப்பைச் சேர்க்கலாம். பிறர் எழுதியதாயின், அதனை உள்ளடக்கி இன்டர்ஃபேஸை ஏற்கும் புதிய கிளாஸ் ஒன்று எழுதவேண்டும். ஐயமுள்ள இடத்தில் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' கொண்டு முன்னரே சோதிக்கலாம். பிழையைப் பிடித்து விழுங்கிவிடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கணக்கு தவறாகவே தொடரும்.