பஸ்ஸை வீடாக்குவோர் கவனத்துக்கு

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் புகையிரதங்கள் முற்காலத்தில் ரம்புக்கனை நிலையத்தில் தங்கி, துணை இயந்திரம் ஒன்றைப் பூட்டிக்கொண்டுதான் மலையேறின. ஏறத்தாழ 44 அடிக்கு ஓர் அடி என்ற வீதத்தில் கடுகண்ணாவ வரை உயரும் அந்தப் பாதையை வகுத்தவர்கள், பெட்டிக்குள் மெத்தை எத்தனை, திரைச்சீலை என்ன நிறம் என்று யோசிக்குமுன், இத்தனை டன் பாரத்தை இயந்திரம் இழுக்குமா, இறக்கத்தில் பிரேக் தாங்குமா என்ற கணக்கையே முதலிற் போட்டார்கள். இன்று அதே மலையடிவாரத்தில், பின்னவலை யானைகளைப் பார்க்கவும் கண்டிக்குப் போகவும் வருகிற உல்லாசப் பிரயாணிகளை நம்பி, பழைய பஸ் ஒன்றை வாங்கிப் படுக்கையும் சமையலறையும் குளியலறையும் கொண்ட நடமாடும் விடுதியாக மாற்றலாமா என்று எண்ணுகிறவர்கள், அந்தக் கணக்கைக் கடைசியில் வைத்துவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், கைவசமுள்ள வண்டியையே புதுக்கிக்கொள்ளும் பழக்கம் நாடெங்கும் வலுத்துவிட்டபடியால், இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

உள்ளலங்காரத்தில் பாணிகள் பல. அமெரிக்காவில் 1936 இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர், ஆகாய விமானத்தைப் போல ரிவெட் அடித்த அலுமினியத் தகட்டால் ஆனது. பாரத்தைக் குறைப்பதே அதன் அழகுக்கு மூலம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 இல் வொக்ஸ்வாகன் வேனுக்குள் வைத்து எடுக்கத்தக்க தளவாடப் பெட்டி ஒன்றை அமைத்தது. கனடாவின் பிரவோ நிறுவனம் உள்ளே ஒன்றுமில்லாத பஸ் கூட்டை விற்க, வேறு பட்டறைகள் அதனுள் பளிங்கும் தோலும் பதித்து, பத்து லட்சம் டொலருக்கும் மேல் விலை வைக்கின்றன. நம்மவர்களுக்குப் பிரியமானது அரண்மனைப் பாணி: வெல்வெட், பஞ்சு பொதிந்த ரெக்ஸின் சுவர், கண்ணாடி, கூரையெங்கும் வர்ண விளக்கு. என் அபிப்பிராயத்தில் ஓடும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமற்ற பாணி இல்லை. கப்பல் அறைப் பாணியே உத்தமமானது. மூலைகளை வளைத்து, இழுப்பறைக்குத் தாழ் வைத்து, மேலே வைத்தது கீழே விழும் என்ற அனுமானத்தோடு அதைச் செய்தவர்கள் கடலோடிகள்.

அலங்காரத்தின் முதல் அபாயம் பாரம். எட்டடிக்கு நாலடி அளவில் 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள ப்ளைவூட் பலகை ஒன்றே ஏறத்தாழ 35 கிலோ. சமையல் மேடைக்குப் போடும் கருங்கல் சதுர மீற்றருக்கு 50 கிலோவுக்கு மேல். 300 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் அதுவே 300 கிலோ. இவையனைத்தும் ஒரு பக்கமாக அமைந்துவிட்டால், கடுகண்ணாவயிலிருந்து மாவனெல்லைக்கு இறங்கும் வளைவுகளில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சாரதி அறிந்துகொள்ளும் நேரம் பிரேக் சூடேறிய நேரமாகவும் இருக்கலாம். வேலை முடிந்ததும், தாங்கியை நிரப்பி, வண்டியை எடைப்பாலத்தில் ஏற்றி, முன்னச்சும் பின்னச்சும் தாங்கும் பாரத்தைத் தனித்தனியே பார்க்கவேண்டும். பக்கவாட்டில் போட்ட சோபாவும் கட்டிலும் வண்டி நிற்கும்போதுதான் ஆசனங்கள்; ஓடும்போது, தளத்தோடு போல்ட் பூட்டி இருக்கைப் பட்டி பொருத்திய இருக்கைகளில் எத்தனை பேர் அமரலாமோ அத்தனை பேரை மட்டுமே ஏற்றுவது தர்மம்.

பாரத்தைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத காற்று. 2024 டிசம்பரில், கேரளத்தில் வடகரைக்கு அருகே வீதியோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். வெட்டுக்காயமில்லை, விஷம் அருந்திய அடையாளமுமில்லை. கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பரிசோதித்தபோது, புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் வாயு தளத்திலிருந்த துவாரம் ஒன்றின் வழியாக உள்ளே ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து லட்சத்தில் 957 பங்கு என்ற அளவை எட்டியதைக் கண்டார்கள். குளிரூட்டிக்காக ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, அதை இயக்குவதற்காகவே ஜெனரேட்டரையும் ஓடவிட்டுத் தூங்குகிற ஒருவனுக்கு, நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு எச்சரிக்கை எதுவும் கொடுப்பதில்லை. வயர் நுழைக்கவும் குழாய் இறக்கவும் தளத்தில் போடும் துளைகளை வேலை முடிந்தபின் கம்பளத்தால் மூடிவிடுவது பட்டறைகளில் சகஜம். கம்பளத்தை விரிக்குமுன், உள்ளே விளக்கை அணைத்து, வெளியே அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தால், ஒளி வரும் இடமெல்லாம் புகையும் வரும் இடம். துளைகளை அடைப்பதோடு, அந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றைப் படுக்கைக்கருகே பொருத்துவதும் அவசியம். படுக்கை விரிப்பின் விலையைவிட அது அதிகமாகாது.

சமையல் எரிவாயுவின் கதை வேறு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தளத்திலேயே தேங்கும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை நிலையத்தில் நின்றிருந்த, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிப்பெட்டியில், விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரைக் கொண்டு சமைக்கப்போய்த் தீப்பற்றியதில் 9 பேர் மாண்டனர். ஆகவே சிலிண்டர் இருக்கவேண்டிய இடம், உட்புறத்தோடு தொடர்பில்லாமல், அடியில் காற்றுத் துவாரம் வைத்து, வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனி அறை. மின்சாரத்திலும் ஒரு நுட்பம் உண்டு: 1200 வாட் கெட்டில் ஒன்றை 12 வோல்ட் பற்றரியிலிருந்து இன்வெர்ட்டர் மூலம் இயக்கினால், பற்றரி வயரில் 100 அம்பியருக்குக் குறையாத மின்னோட்டம் பாயும், வீட்டுச் சுவரில் ஓடும் மெல்லிய வயரை அங்கே போட்டால், பஞ்சு பொதிந்த சுவருக்குள் அது கனன்று, தீயைவிட முன்னதாக விஷப்புகை வரும்.

தீப்பற்றினால் வெளியேறுவது எப்படி? 2025 ஒக்டோபர் 14 அன்று ராஜஸ்தானில் ஜெய்சால்மருக்கு அருகே எரிந்த குளிரூட்டிய பஸ்ஸில் 20 பேருக்கும் மேல் மாண்டார்கள். கதவு திறக்காமற் போனதைப் பற்றியும், வண்டியில் செய்யப்பட்ட மாற்றங்களைப் பற்றியும் அப்போது பலத்த விவாதம் எழுந்தது. பத்தே நாளில் ஆந்திராவின் கர்னூலுக்கு அருகே எரிந்த பஸ்ஸும், இருக்கை வண்டியாகப் பதிவாகிப் பின்னர் படுக்கை வண்டியாக்கப்பட்டது என்றே செய்திகள் கூறின. அவசரகால ஜன்னலை மறைத்து அலுமாரி அடிக்காத, கண்ணாடி உடைக்கும் சுத்தியலைத் திரைக்குப் பின்னால் ஒளிக்காத பட்டறையையே தேடிப்பிடியுங்கள்.

இனிச் சட்டம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி என்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள வண்டிதான். இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டால், வண்டியின் வகுப்பு, ஆசன எண்ணிக்கை, வெற்றுப் பாரம் என்ற மூன்றும் புத்தகத்தோடு முரண்படும். ஆகையால் வேலையைத் தொடங்குமுன்னரே, வரைபடத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை அணுகி அனுமதி பெறுவதே முறை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள மேலதிக அலங்காரங்களைக் கழற்றும்படி பொலிசார் இறங்கியபோது, தனியார் பஸ் சங்கங்கள் எதிர்த்துக் குரல் எழுப்பின; பிளாஸ்டிக் பூமாலைக்கே அவ்வளவு கலவரமென்றால், பஸ்ஸையே வீடாக்கியவர் வீதியோரத்தில் என்ன விளக்கம் கொடுப்பார்? காப்புறுதிக் கம்பனிக்கும் மாற்றங்களை எழுத்தில் அறிவித்து, ஏற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கவேண்டும். அறிவிக்காத மாற்றம் ஒன்றைக் காட்டி நட்டஈட்டை மறுக்க அவர்களுக்கு வழியுண்டு. கழிவுத் தாங்கியை இரவில் மகா ஓயாவில் திறந்துவிடுவோரைப் பற்றிப் பிரதேச சபைக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் முறையிடும் உரிமை கரையோர வாசிகளுக்கு இருக்கிறது.

பட்டறைக்காரரோடு செய்யும் ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருக்கலாகாது. பலகையின் தடிப்பு, வயரின் அளவு, முடிந்தபின் இருக்கவேண்டிய மொத்தப் பாரம், திணைக்கள அனுமதியைப் பெறும் பொறுப்பு யாருடையது என்பவற்றை எழுதி, கடைசித் தவணையை எடைப்பாலச் சீட்டும் அனுமதிக் கடிதமும் கைக்கு வந்தபின் கொடுப்பதாக ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. நமது தோட்டப்புற இளைஞர்கள் சிங்களத்தில் எழுதிய மதிப்பீட்டில் வாசிக்காமலே கையொப்பமிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாள் தாமதித்து, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையொப்பமிட்டால் பட்டறை ஓடிவிடாது. வேலை குறைபட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கம் விசாரிக்க உதவும், ஆனால் முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்ற 3 மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். பட்டறைக்காரர் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதில் இந்தத் தவணை கழிந்துவிடுவதுதான் பலருக்கும் நேர்கிற நஷ்டம். அதற்கடுத்த வழிகள் மத்தியஸ்த சபையும் மாவட்ட நீதிமன்றமும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள கேகாலை மாவட்டத்திலும், அரச அலுவலகங்களோடு தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் இடமளிக்கிறது; முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.