வாட்டர் கலர் படத்துக்கு மெழுகுப் பூச்சு!

ஒரு சொட்டுத் தண்ணி பட்டால் போச்சு! ஒரு வாரம் கண் விழித்து வரைந்த வாட்டர் கலர் படம் கரைந்து விடும். அதனால்தான் கண்ணாடி போட்டு மாட்டுகிறார்கள். சில ஓவியர்கள் கண்ணாடிக்குப் பதில் மெழுகு பூசுகிறார்கள்.

பட்டும் படாமலும்

முதலில் வார்னிஷை லேசாக இரண்டு தடவை ஸ்பிரே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியோடு கலரும் வந்துவிடும்! காய்ந்தபின், தேன் மெழுகு கலந்த பசையைத் துணியில் தொட்டு, பட்டும் படாமலும் தேய்க்க வேண்டும். மறுநாள் சுத்தமான துணியால் துடைத்தால் மெல்லிய பளபளப்பு. அதற்குமேல் தண்ணீர் தெறித்தால் தாமரை இலைத் தண்ணீர்தான்!

வெளிச்சம் விடாது

ஆனால் வெளிச்சத்தை மெழுகு தடுக்காது. வெளிச்சத்தில் வாட்டர் கலர் வெளுப்பதை ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் சோதித்து, 1888-ம் ஆண்டிலேயே அறிக்கை கொடுத்து விட்டார்கள்.

தேன் மெழுகு உருகுவது சுமார் 63 டிகிரியில். அக்கினி நட்சத்திரத்திலும் உருகாது. ஆனால் இளகும், தூசி ஒட்டும்.

காகிதத்தில் இறங்கிய மெழுகை முழுசாக வெளியே எடுப்பது நடக்காத காரியம். "அந்த மேகத்தைக் கொஞ்சம் திருத்தலாமே" என்று பிறகு தோன்றினால், கலர் ஒட்டாது. கையெழுத்தையும் முன்னாலேயே போட்டுவிட வேண்டும்!

விவரம் தெரிந்தவர்கள் முதலில் கெட்டுப்போன படத்தில் பூசிப் பார்க்கிறார்கள். தாத்தா வரைந்த படமா? அதற்குக் கண்ணாடிதான், அதுவும் படத்தைத் தொடாமல், நடுவே அட்டை கொடுத்து.