கழுகைப் படம் பிடிப்பது எளிதா?

கெடா மாநிலக் கரைக்கு அப்பால் அமைந்துள்ளது லங்காவித் தீவு. அதன் பெயரே செம்பழுப்பு நிறக் கழுகைக் குறிப்பதென்பர். அங்குள்ள கிளிம் ஆற்றோரச் சதுப்புநிலக் காடுகளில் செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் வாழ்கின்றன. கூண்டுப் பறவையைப் படம் பிடிப்பது எளிது. காட்டில் தன் விருப்பம்போல் திரியும் கழுகைப் படம் பிடிப்பதோ அரிது. அது ஏன் என்பதை நாம் அறிந்துகொள்வோம்.

முதல் இடர் தொலைவு. நாம் கழுகைக் காணுமுன்னரே அது நம்மைக் கண்டுவிடும். அத்துணைக் கூர்மையானது அதன் பார்வை! ஆகவே, தொலைவிலிருந்தே படமெடுக்க 400 அல்லது 600 மில்லிமீட்டர் வில்லை தேவைப்படுகிறது. அதுவோ கனமானது; ஆடும் படகில் நம் கை சிறிது அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

இரண்டாவது வேகம். கடற்கழுகு தாழப் பறந்து, நீர்மட்டத்திலுள்ள மீனைக் கால் நகங்களால் கவ்விச் செல்வது இமைப்பொழுதில் நிகழ்கிறது. அதனைத் தெளிவாகப் பதிவு செய்ய, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவாகவோதான் கருவி ஒளியை ஏற்க வேண்டும்.

மூன்றாவது ஒளி. வானம் பளிச்சென்று இருந்தால், கருவி அவ்வொளிக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். பறவையோ கரிய நிழலாகத் தெரியும். அதனைச் சரிசெய்ய ஒளியைக் கூட்டினால், வெண்ணிற வயிற்றின் இறகுகள் தெளிவற்றுப் போகலாம். இளங்காலை வெயிலே இதற்கு ஏற்றது.

இவ்விடர்களை வெல்லப் பொறுமையும் கூர்ந்து நோக்கும் பழக்கமும் வேண்டும். கழுகு பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கியே மேலெழும் என்பதை அறிந்தவர், தாம் நிற்கவேண்டிய இடத்தை முன்கூட்டியே தேர்ந்துகொள்வார்.

பொறுமையற்றோர் குறுக்குவழிகளை நாடுவர். கோழித்தோலை ஆற்றில் வீசிப் பறவைகளை வரவழைத்தல் அவற்றுள் ஒன்று. மீன் பிடித்து உண்ணும் பறவை, எறியும் தோலை நம்பி வாழப் பழகுவது நன்றோ? கூட்டை நெருங்கிச் செல்லுதல் அதனினும் கொடிது. அஞ்சிய தாய் பறந்து சென்றுவிட்டால், முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் பகைவிலங்குகளுக்கும் இரையாக நேரிடும்.

ஆதலின், நாம் எடுக்கும் படம் சிறிதாக அமைந்தாலும் குறையில்லை. நாம் வந்து சென்றதையே அறியாமல் கழுகு தன் கூட்டில் அமைதியாக வீற்றிருக்குமானால், அதுவே நல்ல படத்திற்கு அடையாளம்.