முத்துத் தூவிய தூதர்கள்

கோவில் விழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்னும் ஐயம் எழுந்தால், முன்பு எவ்வாறு நடந்தது என்றே பெரியோர் கேட்பர். திருவண்ணாமலை போன்ற கோவில் நகரங்களில் வாழும் மாணவர்க்கு இது புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சோழநாட்டுத் தூதர் சீனப் பேரரசின் அவைக்குச் சென்றபோதும், அங்குள்ள அலுவலர் முன்வழக்கையே தேடினர்.

முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015ஆம் ஆண்டு சாங் பேரரசரின் அவையை அடைந்தது. குவாங்சோ துறைமுகத்தைச் சேரவே 1150 நாள்கள் ஆயின என்று சீன வரலாற்று நூல் குறிக்கிறது. தூதர் அவையில் நின்றபோது, அவரை அனுப்பிய மன்னன் மறைந்து, முதலாம் இராசேந்திரன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. முத்துகள் பதித்த ஆடையும் தொப்பியும், அறுபது யானைத் தந்தங்களும், நறும்புகைப் பொருள்களும் காணிக்கையாயின. சீன அவைக்கோ சோழநாடு முன்பின் அறியாத நாடு. ஆகவே, நடு ஆசியாவிலுள்ள குச்சா நாட்டுத் தூதர்க்குரிய மரியாதையை இவர்க்கும் அளிக்குமாறு ஆணை பிறந்தது. பாலைவன வணிக நாடொன்றின் வரிசையில் கடலாண்ட சோழர் வைக்கப்பட்டனர்!

சோழத் தூதரும் ஒரு வழக்கை அங்கே விட்டு வந்தனர். முத்துகளைத் தட்டில் ஏந்திச் சென்று அரியணையின் முன் இட்டு வணங்கினார் முதல் தூதர். 1033இல் வந்த இராசேந்திரனின் தூதர் அவ்வாறு செய்ய இசைவு வேண்டிப் பெற்று, வெள்ளித் தட்டுடன் மண்டியிட்டு முத்துகளைத் தூவினார். 1077இல் வந்தவர்கள் முத்துடன் கற்பூரத்தையும் தூவினர். அதற்குள் அச்செயலுக்குச் சீனமொழியில் தனிப்பெயரே அமைந்துவிட்டது. அவ்வாண்டு பேரரசர் அளித்த எதிர்ப்பரிசு 81,800 கோவைச் செப்புக்காசுகளும் 52,000 தேல் வெள்ளியும் ஆகும். வணிக நோக்கில் பார்த்தால் முத்துத் தூவியது வீண்போகவில்லை.

மரியாதை வரிசையில் மட்டும் சோழர் உயரவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அருகிலுள்ள திருமலைக் கல்வெட்டு, கங்கை வரை சென்ற இராசேந்திரனின் வெற்றிகளை அடுக்குகிறது. அவன் 1025ஆம் ஆண்டளவில் கடல்கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றான். ஆயினும் சீன அலுவலரின் ஏட்டில் சோழநாடே ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு என்று பதிவாகியிருந்தது. சீனம் செல்லும் கடல்வழியில் ஸ்ரீவிஜயத்தார் இடைநின்றதால் இத்திரிபு நேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். எப்படி நேர்ந்திருப்பினும், எழுதப்பட்டது முன்வழக்காகிவிட்டது.

அதன் விளைவு 1106இல் வெளிப்பட்டது. பர்மாவின் பாகன் நாட்டுத் தூதர் வந்தபோது, அவர்க்குச் சோழர்க்குரிய மரியாதையை அளிக்குமாறு பேரரசர் ஆணையிட்டார். அமைச்சகம் மறுத்தது. சோழநாடு பிறர்க்கு அடங்கியது; அதனால்தான் அந்நாட்டு மன்னனுக்கு முன்னர் எளிய தாளில் மடல் எழுதிப் பெட்டியிலிட்டு அனுப்பினோம்; பாகன் அரசரோ பெருநாட்டு வேந்தர்; சிறுநாட்டின் வரிசையில் அவரை வைத்தல் தகாது என்று அது வாதிட்டது. அராபியர்க்கும் வியட்நாமியர்க்கும் எழுதுவதுபோல, பொற்பூ வேலைப்பாடு கொண்ட பட்டுத்தாளில் எழுதி, பொன்முலாம் பூசிய பூட்டுடைய குழலில் இட்டு, சித்திரப்பட்டால் பொதிந்து அனுப்பவேண்டும் என்றும் வேண்டியது.

பேரரசர் அதை ஏற்றுக்கொண்டார்.