பாடசாலைக்குள் ஒலிக்க வேண்டிய பெற்றோரின் குரல்

பாடசாலையில் தமது பிள்ளைகள் பிற இனத்தவரை மதிக்கக் கற்கின்றார்களா, வெறுக்கக் கற்கின்றார்களா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. வட்டகொடை, தலவாக்கலை, அட்டன் பகுதித் தோட்டங்களில் வாழும் பெற்றோர் இவ்வுரிமையைப் போதியளவு பயன்படுத்துவதில்லை என்பது கவலைக்குரியதாகும்.

பாரபட்சத்தையும் தப்பெண்ணத்தையும் ஒழிக்கும் பொருட்டுக் கற்பித்தல், கல்வி, தகவல் ஆகிய துறைகளில் அரசு பயனுள்ள நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 27(5) ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1982 இல் இணைந்துகொண்ட இனப் பாகுபாட்டு ஒழிப்புச் சமவாயத்தின் 7 ஆம் உறுப்புரையும் இதனையே வலியுறுத்துகின்றது. சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்திற்குமான கல்வி தொடர்பில் கல்வி அமைச்சு 2008 இல் தேசியக் கொள்கையொன்றை வெளியிட்டது. ஆயினும், அரச கொள்கைக் கோட்பாடுகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என அரசியலமைப்பின் 29 ஆம் உறுப்புரை கூறுகின்றது. எனவே, கேட்பவர் இல்லையேல் இவ்வாசகங்கள் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

நமது பாடசாலைகளுள் மிகப் பெரும்பாலானவை மொழி அடிப்படையில் பிரிந்தே இயங்குகின்றன. ஒரே நகரில் வாழும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் பயணித்து வெவ்வேறு வாயில்களில் நுழைகின்றனர். அறியாதவரைப் பற்றிய தவறான எண்ணம் இலகுவில் வேரூன்றும். 1977, 1981, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின்போது அதன் விளைவை மலையகம் அனுபவித்தது.

வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானார். அடுத்த ஆண்டே நிறைவேற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், அவரைத் தெரிவுசெய்த மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. எஞ்சியோரின் பிரச்சினைக்குத் தீர்வுகாணும் சட்டம் 2003 இலேயே வந்தது. இவ்வரலாற்றைச் சிங்களப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பிள்ளையும் முறையாகக் கற்றால், ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ போன்ற இழிசொற்களை உச்சரிக்க நா கூசும். இவற்றுள் பின்னையது தமிழ் பேசுவோர் வாயிலிருந்தே வந்தது என்பதையும் மறத்தலாகாது.

பெற்றோர் மௌனமாக இருப்பதற்குக் காரணம் அக்கறையின்மை அன்று. வேலை நாளில் கூட்டம் வைத்தால் அன்றைய ‘பேர்’ போய்விடும். படித்தவர் முன் பேசத் தயக்கமும் உண்டு. கொழுந்து நிறுத்த பின்னரோ, ஞாயிற்றுக்கிழமையிலோ பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களை நடத்துவது அதிபர்களுக்கு இயலாத காரியமன்று.

அக்கூட்டங்களில் பெற்றோர் மூன்று விடயங்களைக் கேட்கலாம். தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் கற்பிக்கத் தகுதியான ஆசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும். வரலாற்றுப் பாடநூலில் மலையக மக்களுக்கு உரிய இடம் வழங்கப்பட வேண்டும். அயற் பாடசாலைகள் விளையாட்டு, கலை விழாக்களை இணைந்து நடத்த வேண்டும். இம்மூன்றும் சிங்களப் பெற்றோரும் சேர்ந்து கேட்கக்கூடியவை; அவ்வாறு கேட்கும்போதே அவற்றுக்கு வலுவுண்டு.

அமெரிக்காவின் டொபேகா நகரில் 13 பெற்றோர் தொடுத்த வழக்கே, 1954 இல் நிறவாரியான பாடசாலைப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய தீர்ப்புக்கு வழிகோலியது. அவர்களும் சாதாரண குடும்பத்தவரே.

எனினும், பாடசாலையில் சமத்துவம் கோரும் பெற்றோர், வீட்டில் பிற இனத்தவரையோ, தாழ்த்தப்பட்ட சாதியினர் எனப்படுவோரையோ இழித்துப் பேசுவாராயின் அக்கோரிக்கை பொருளற்றதாகிவிடும். பிள்ளை முதலில் கற்பது வீட்டில் பேசப்படும் மொழியையே. அதனைச் சீர்செய்துகொண்டு பாடசாலை வாயிலுக்கு வரும் பெற்றோரின் குரலை எந்த அதிகாரியும் இலகுவில் புறந்தள்ள முடியாது என்பதே எமது கருத்தாகும்.